பள்ளிகளில் தொற்றுநோய்த் தடுப்பு: ஆசிரியர்களும் பணியாளர்களும் அறிந்திருக்க வேண்டியவை

புதுதில்லி: நாட்டில் 14.72 லட்சம் பள்ளிகளில் ஏறத்தாழ 24.8 கோடி மாணவர்கள் பயில்கின்றனர். 98 லட்சம் ஆசிரியர்கள் பணியாற்றுகின்றனர் என 2023-24ஆம் ஆண்டுக்கான மத்திய கல்வி அமைச்சகப் புள்ளிவிவரம் கூறுகிறது. குடும்பத்துக்கு அடுத்தபடியாகக் குழந்தைகள் மிக நீண்ட நேரம் நெருங்கி இருக்கும் இடம் வகுப்பறையே. ஆகவே ஒரு குழந்தைக்குக் கண்ட காய்ச்சலோ தடிப்போ மற்ற குழந்தைகளிடம் பரவுவதற்கும், தொடக்கத்திலேயே கண்டறிந்து தடுக்கப்படுவதற்கும் பள்ளியே முதல் களமாகிறது.

ஆசிரியர் மருத்துவர் அல்லர். நோயைக் கண்டறிந்து பெயரிடுவது அவரது பணியும் அன்று. எனினும் எந்த அறிகுறியைப் பொருட்படுத்த வேண்டும், எந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், எவரிடம் தகவல் சொல்ல வேண்டும், எதை வெளியில் சொல்லக் கூடாது என்ற நான்கையும் அவர் அறிந்திருப்பது அவசியம். இவற்றை அறியாததால் இரு வகைத் தீங்குகள் நேர்கின்றன: நோயுள்ள குழந்தை வகுப்பிலேயே அமர்ந்திருப்பது ஒன்று, நோயைப் பரப்பாத குழந்தை வகுப்பிலிருந்து ஒதுக்கப்படுவது மற்றொன்று.

பள்ளி சுகாதாரத் திட்டங்கள் எவ்வாறு உருவாகின, எந்த நோய் எவ்வாறு பரவுகிறது, பள்ளிப் பணியாளர்களின் கடமைகள் எவை என்பதை இக்கட்டுரை தொகுத்து அளிக்கிறது.

நூறாண்டு கடந்த முயற்சி

இந்தியாவில் பள்ளி மாணவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை முதன்முதலில் 1909ஆம் ஆண்டு பரோடாவில் நடத்தப்பட்டது. எனினும் 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, நாட்டில் பள்ளி சுகாதாரச் சேவை ஏறக்குறைய இல்லாத நிலையே நிலவுவதாகச் சுட்டிக்காட்டியது. 1960இல் ரேணுகா ராய் தலைமையில் பள்ளி சுகாதாரக் குழு ஒன்றை மத்திய அரசு அமைத்தது. அடுத்த ஆண்டு அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, மாணவர்களின் உடல்நலனையும் ஊட்டச்சத்தையும் மேம்படுத்துவதற்கான பரிந்துரைகளை முன்வைத்தது.

அதன் பின்னர்ப் பல்வேறு மாநிலங்கள் தத்தம் அளவில் திட்டங்களைச் செயல்படுத்தின. 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசிய குழந்தைகள் நலத் திட்டம் இவற்றுக்கு ஒரு பொது வடிவம் அளித்தது. பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பிறவிக் குறைபாடுகள், ஊட்டச்சத்துக் குறைபாடுகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கு பிரிவுகளில் பரிசோதிப்பது இதன் நோக்கம். நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் செல்ல வேண்டும் என இத்திட்டம் வகுத்துள்ளது.

மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறது. மற்ற நாள்களில் குழந்தையை நோக்குபவர் ஆசிரியர். இந்த இடைவெளியை நிரப்பும் நோக்குடன் 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் பள்ளி சுகாதார, நல்வாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் இணைந்து இதைச் செயல்படுத்துகின்றன.

ஆசிரியரே சுகாதாரத் தூதர்

இத்திட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், சுகாதார, நல்வாழ்வுத் தூதர்களாக நியமிக்கப்பட்டுப் பயிற்சி பெறுகின்றனர். வாரந்தோறும் ஒரு மணி நேரம் மாணவர்களுடன் கலந்துரையாடும் வகையில் அவர்கள் வகுப்பு நடத்துகின்றனர். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மாணவர்கள் சுகாதாரத் தூதுவர்களாகச் செயல்பட்டு, கற்றவற்றை வீட்டுக்கும் ஊருக்கும் கொண்டு செல்கின்றனர்.

பாடத்திட்டம் 11 தலைப்புகளைக் கொண்டது. ஆரோக்கியமான வளர்ச்சி, மனநலம், பிறருடனான உறவுகள், நற்பண்புகளும் பொறுப்புள்ள குடியுரிமையும், பாலினச் சமத்துவம், ஊட்டச்சத்தும் துப்புரவும், போதைப்பொருள் தடுப்பு, நல்ல வாழ்க்கை முறை, இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும், வன்முறை மற்றும் காயங்களிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல் ஆகியவையே அவை. இவற்றுள் தொற்றுநோயுடன் நேரடித் தொடர்புடையவை சிலவே. ஆனால் அச்சமும் கூச்சமும் இன்றி உடலைப் பற்றிப் பேசும் பழக்கத்தை எல்லாத் தலைப்புகளும் வளர்க்கின்றன. உடல்நலக் குறைவை ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லும் குழந்தையே விரைவில் சிகிச்சை பெறுகிறது.

தேசியக் கல்விக் கொள்கை 2020, பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் முறையான மருத்துவப் பரிசோதனை நடத்தவும், முழுமையான தடுப்பூசியை உறுதிசெய்யவும், சுகாதார அட்டை வழங்கவும் வலியுறுத்துகிறது.

நோய்கள் பரவும் வழிகள்

தொற்றுநோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் அவை பரவும் வழிகளை அறிவது எளிது, பயனும் அதிகம். பள்ளிச் சூழலில் ஐந்து வழிகள் முக்கியமானவை.

முதலாவது காற்று. தட்டம்மை, சின்னம்மை, காசநோய் ஆகியவை காற்றின் வழியாகவும், பொன்னுக்கு வீங்கி, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் போன்றவை பெரும்பாலும் இருமல், தும்மல் துளிகள் வழியாகவும் பரவுகின்றன. தட்டம்மை இவற்றுள் மிக வேகமாகப் பரவுவது. எதிர்ப்பாற்றல் இல்லாத 10 பேர் நோயாளியுடன் நெருங்கிப் பழகினால் அவர்களில் 9 பேருக்குத் தொற்றக்கூடும். சன்னல்களைத் திறந்து வைப்பது, இருமும்போது முழங்கை மடிப்பால் வாயை மூடுவது ஆகியவை செலவில்லாத தடுப்பு முறைகள்.

இரண்டாவது நீரும் உணவும். டைஃபாய்டு, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, காலரா, வயிற்றுப்போக்கு ஆகியவை கழிவு கலந்த நீராலும் கழுவாத கைகளாலும் பரவுகின்றன. 2014இல் தொடங்கிய தூய்மைப் பள்ளி இயக்கத்தின் கீழ் ஓராண்டில் 2.61 லட்சம் அரசுப் பள்ளிகளில் சுமார் 4.17 லட்சம் கழிப்பறைகள் கட்டப்பட்டன. கழிப்பறையின் பயன் அங்கு நீரும் சோப்பும் நாள்தோறும் இருப்பதைப் பொறுத்தே அமையும். குடிநீர்த் தொட்டியை மூடி வைப்பதும் குறிப்பிட்ட இடைவெளியில் கழுவுவதும் பள்ளி நிர்வாகத்தின் கடமை.

மூன்றாவது தொடுதல். சிரங்கு, கண் நோய், கை-கால்-வாய் நோய் போன்றவை நேரடித் தொடர்பாலும், துண்டு, சீப்பு, எழுதுகோல் போன்ற பொருள்களைப் பகிர்வதாலும் பரவுகின்றன. 2022இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் சிறு குழந்தைகளிடம் பரவித் தக்காளிக் காய்ச்சல் என்ற பெயரில் பேசப்பட்டது கை-கால்-வாய் நோயின் ஒரு வடிவமே எனப் பின்னர் ஆய்வக முடிவுகள் சுட்டின. கொப்புளங்களின் சிவந்த தோற்றத்தால் அப்பெயர் வந்ததே தவிர, தக்காளிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. இதுபோன்ற பெயர்கள் பெற்றோரிடம் வீண் குழப்பத்தை ஏற்படுத்தும்போது அதைத் தெளிவுபடுத்தும் பொறுப்பும் ஆசிரியரைச் சேர்கிறது.

நான்காவது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. தேங்கிய நன்னீரில் முட்டையிட்டு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் முழு வளர்ச்சி அடைவது. எனவே வாரத்துக்கு ஒரு முறை மொட்டை மாடி, பூந்தொட்டித் தட்டு, பயன்படாத கழிப்பறை, உடைந்த மேசை நாற்காலிகள் குவித்த மூலை ஆகியவற்றைப் பார்வையிட்டு நீரை வடித்தால் அச்சுழற்சி அறுபடும். கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் முன்னர் இப்பணியை முடிப்பது நல்லது.

ஐந்தாவது மண். கொக்கிப்புழு, உருண்டைப்புழு போன்றவை திறந்தவெளியில் மலம் கழிப்பதால் மாசடைந்த மண்ணிலிருந்து உடலை அடைகின்றன. இவை உயிரை உடனே பறிப்பதில்லை; இரத்தசோகையையும் சோர்வையும் ஏற்படுத்திக் குழந்தையின் கற்கும் திறனை மெல்லக் குறைக்கின்றன.

எத்தனை நாள் விடுப்பு?

நோயுற்ற குழந்தை எப்போது பள்ளிக்குத் திரும்பலாம் என்பது ஆசிரியர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி. பொதுவாகப் பின்பற்றப்படும் மருத்துவ வழிகாட்டல் வருமாறு:

தட்டம்மை: தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள்கள் முன்பிருந்து தோன்றிய பின் 4 நாள்கள் வரை பரவும். அதுவரை வீட்டில் இருத்தல் வேண்டும்.

ரூபெல்லா: தடிப்பு தோன்றிய பின் 7 நாள்கள் வரை பரவக்கூடும்.

சின்னம்மை: தடிப்பு தோன்றுவதற்கு ஓரிரு நாள்கள் முன்பே பரவத் தொடங்கும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்கு ஆகும் வரை விடுப்பு தேவை.

பொன்னுக்கு வீங்கி: கன்னத்தில் வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி: கடைசியாக ஏற்பட்டதிலிருந்து 48 மணி நேரம்.

காய்ச்சல்: மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பின் திரும்பலாம்.

சிரங்கு: மருத்துவர் கூறும் மருந்தைப் பூசத் தொடங்கிய பின். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெறாவிட்டால் மீண்டும் வரும்.

பேன்: இதற்காகக் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

கண் நோய் குறித்து ஒரு விளக்கம் தேவை. 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தில்லி, மகாராஷ்டிரம் உள்ளிட்ட பல மாநிலங்களில் இது பள்ளி மாணவர்களிடையே பரவியது. தமிழகத்தில் மெட்ராஸ் ஐ என வழங்கும் இந்நோய், நோயாளியின் கண்ணைப் பார்ப்பதால் பரவுவதில்லை. கண்ணீரும் அழுக்கும் பட்ட கையாலும் துணியாலும் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி கண் கூச்சத்தைக் குறைக்கும். பரவலைத் தடுப்பது கை கழுவுதலே.

அம்மை நோய்களைப் பொறுத்தவரை நம்பிக்கை சார்ந்த தயக்கமும் உண்டு. வட மாநிலங்களில் சீதளா மாதாவின் வருகை என்றும், தமிழகத்தில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றும் கருதி மருத்துவரிடம் செல்லாமலும் பள்ளிக்குத் தெரிவிக்காமலும் இருக்கும் வழக்கம் தொடர்கிறது. இந்நம்பிக்கையை இகழ்வதால் தகவல் மறைக்கப்படுமே தவிர வேறு பயனில்லை. குழந்தையைத் தனியே ஓய்வில் வைப்பது போன்ற மரபு வழக்கங்கள் மருத்துவ அறிவுரையோடு ஒத்துப்போகின்றன என்று எடுத்துச் சொல்லி, மூச்சுத்திணறல், மயக்கம், நீங்காத காய்ச்சல் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என வலியுறுத்துவதே பலன் தரும்.

மற்றொரு வழக்கமும் மறுஆய்வுக்கு உரியது. விடுப்பே எடுக்காத மாணவருக்குப் பரிசளிக்கும் பள்ளிகள் பல. நல்லெண்ணத்தில் அளிக்கப்படும் இப்பரிசு, காய்ச்சலுடன் வகுப்புக்கு வரக் குழந்தையைத் தூண்டுகிறது. நோய்க்கான விடுப்பை வருகைக் குறைவாகக் கணக்கிடாமல் விடுவதும், தேர்வு நாளில் நோயுற்றவருக்கு மறுவாய்ப்பு உண்டென முன்னரே அறிவிப்பதும் தொற்றுத் தடுப்பின் பகுதிகளே.

தடுப்பூசியும் மாத்திரையும்

பள்ளி வயதிலும் தேசியத் தடுப்பூசி அட்டவணை தொடர்கிறது. 5 முதல் 6 வயதுக்குள் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும், 10, 16 வயதுகளில் இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கு எதிரான டிடி ஊசியும் இடப்படுகின்றன. தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இடப்படுகிறது. தவணை தவறிய குழந்தைகளைச் சேர்க்கையின்போதே அட்டையைப் பார்த்துக் கண்டறியலாம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையின் கோவண்டி பகுதியில் பரவிய தட்டம்மை குழந்தைகளின் உயிரைப் பறித்தது. தடுப்பூசி விடுபட்ட குழந்தைகளே அதில் பெரிதும் பாதிக்கப்பட்டனர். தட்டம்மையையும் ரூபெல்லாவையும் 2026க்குள் ஒழிப்பதை இந்தியா இலக்காக அறிவித்தது.

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களில் கடைப்பிடிக்கப்படுகிறது. 1 முதல் 19 வயது வரையிலானோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை ஆசிரியர் முன்னிலையில் வழங்கப்படுகிறது. 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை. அதற்கு மேல் 400 மில்லிகிராம் கொண்ட முழு மாத்திரை. மாத்திரையை மென்று விழுங்க வேண்டும்; வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது; அன்று நோயுற்றிருக்கும் குழந்தைக்குத் தரக் கூடாது. விடுபட்டோருக்குச் சில நாள்களில் மறுவாய்ப்பு நாள் உண்டு. வயிற்றில் புழுக்கள் மிகுதியாக உள்ள குழந்தைக்குச் சிறிது குமட்டலோ வயிற்று வலியோ ஏற்படலாம். அக்குழந்தையை நிழலில் படுக்க வைத்து நீர் கொடுத்துக் கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திராவிட்டால், ஒரு குழந்தையின் குமட்டல் பள்ளி முழுவதும் பீதியாக மாறிவிடுகிறது.

வதந்தியும் ஒப்புதலும்

9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட சுமார் 41 கோடிக் குழந்தைகளை இலக்காகக் கொண்ட தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில் தமிழகம், கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றில் தொடங்கியது. பள்ளிகளே அதன் முதன்மை மையங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் தமிழகத்தில் பெற்றோர் பலர் தயங்கினர், முகாம் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டில் கேரளத்தின் மலப்புறத்திலும் எதிர்ப்பு எழுந்தது.

2019 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம், பெற்றோரின் ஒப்புதல் இன்றிப் பள்ளிகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடக் கூடாது எனத் தெரிவித்தது. தடுப்பூசியின் நன்மைகளுடன் பக்கவிளைவுகளையும் பெற்றோர் அறியும்படி தெரிவிக்க வேண்டும் என்பதும் அதன் அறிவுறுத்தல்.

இவ்விரண்டிலிருந்தும் பெறும் பாடம் ஒன்றே. ஊசி இடும் நாளன்று காலையில் அறிவிப்பது காலங்கடந்த செயல். சில வாரங்களுக்கு முன்பே பெற்றோர் கூட்டம் நடத்தி, கிராம சுகாதாரச் செவிலியரை நேரில் பேசச் செய்து, கேள்விகளுக்கு இடமளித்த பின் எழுத்துவழி ஒப்புதல் பெறும் பள்ளிகளில் மறுப்பு குறையும். பெற்றோருக்குப் பழக்கமான ஆசிரியர் சொல்லும் சொல்லுக்கு அவர்களிடையே தனி மதிப்பு உண்டு. அவ்வாசிரியருக்கே ஐயம் இருந்தால் அதைத் தீர்ப்பதே முதல் பணி.

ஒதுக்குதல் கூடாது, ரகசியம் காக்க வேண்டும்

தொற்றும் நோயையும் தொற்றாத நிலையையும் பிரித்தறியாததால் ஏற்படும் தீங்கு மிகக் கொடியது. 2000களின் தொடக்கத்தில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் எச்.ஐ.வி. தொற்றுடன் பிறந்த உடன்பிறப்புகள் இருவர், பிற பெற்றோரின் எதிர்ப்பால் பள்ளிக்குச் செல்ல முடியாமல் தவித்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. அருகில் அமர்தல், உணவைப் பகிர்தல், விளையாடுதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல் ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவாது.

2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், கல்வி நிலையங்களில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒருவரின் தொற்று நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதையும் அது தடுக்கிறது. தலைமையாசிரியருக்குத் தெரிந்த செய்தி ஆசிரியர் அறைக்குக் கூடச் செல்லக் கூடாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது.

அப்படியெனில் காயம்பட்ட குழந்தைக்கு முதலுதவி செய்வோரின் பாதுகாப்பு எப்படி? எவருக்குத் தொற்று உள்ளது என்று தேடுவது அதற்கு விடையன்று. எல்லோருடைய இரத்தத்தையும் தொற்று இருக்கக்கூடியதாகவே கருதிக் கையுறை அணிந்து கையாள்வதும், சிந்திய இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைப்பதும், பின் சோப்பால் கை கழுவுவதும் உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. இது ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகளிலிருந்தும் காக்கும்.

காசநோயிலும் இத்தகைய தெளிவு வேண்டும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், எடை குறைதல், மாலைக் காய்ச்சல் ஆகியவை பரிசோதனைக்கு உரிய அறிகுறிகள். சிறு குழந்தைகள் இந்நோயைப் பிறருக்குப் பரப்புவது அரிது. பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்தே பெறுகின்றனர். எனவே நீண்ட நாள் இருமும் ஆசிரியரோ சமையலரோ தம்மைப் பரிசோதித்துக்கொள்வது குழந்தைகளுக்குச் செய்யும் பாதுகாப்பாகும். சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம்; நோயாளிகளுக்கான மாதாந்திர ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முறையான சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். மருத்துவர் அனுமதித்த பின் அக்குழந்தையைத் தனி இருக்கையில் அமர்த்துவதற்குக் காரணம் ஏதுமில்லை.

நாய்க்கடி: நிமிடங்களில் முடிவு

ரேபிஸ் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. இந்நோய்க்கு இலக்காகக்கூடிய ஆபத்தில் இருப்போரில் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கணிசமான பங்கினர். ஆனால் உரிய நேரத்தில் செயல்பட்டால் இது ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கக்கூடியது.

கடித்த இடத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு போன்றவற்றைப் பூசக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசியின் முதல் தவணையைப் பெற வேண்டும். ஆழமான காயமாயின் நோயெதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படும். மீதத் தவணைகளை விடாமல் முடிக்கிறார்களா என்பதைப் பள்ளி கேட்டறிவது நல்லது. வீட்டில் திட்டுவார்கள் என அஞ்சிச் சிறு கீறலைக் குழந்தைகள் மறைப்பதுண்டு. எந்த விலங்கு கீறினாலும் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் கண்டிக்க மாட்டோம் என ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பில் உறுதி கூறுவது ஓர் உயிரைக் காக்கலாம். நாய்க்கடியால் பரவும் ரேபிஸை 2030க்குள் ஒழிக்கும் தேசியச் செயல்திட்டம் 2021இல் வெளியிடப்பட்டது.

எப்போது, எவரிடம் தெரிவிப்பது?

ஒரே வகுப்பில் ஒரே வாரத்தில் பல குழந்தைகளுக்கு ஒரேமாதிரியான காய்ச்சல், தடிப்பு, வயிற்றுப்போக்கு அல்லது மஞ்சள் காமாலை காணப்பட்டாலோ, விடுப்பு எடுப்போர் எண்ணிக்கை திடீரென உயர்ந்தாலோ அது பரவலின் தொடக்கமாக இருக்கலாம். வருகைப் பதிவேடே பள்ளியின் முதல் எச்சரிக்கைக் கருவி. பெயருக்கு எதிரே விடுப்பு என்று மட்டும் குறிக்காமல் காரணத்தையும் குறித்தால் மூன்றாம் நாளிலேயே போக்கு தெரிந்துவிடும்.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, பகுதிச் செவிலியருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து தகவல், 2004இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் மாவட்டப் பிரிவைச் சென்றடையும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என அஞ்சித் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டும். பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்பில் நோயின் பெயர், அறிகுறிகள், செய்ய வேண்டியவை ஆகியன இருக்கலாம். நோயுற்ற குழந்தையின் பெயரோ வகுப்புப் பிரிவோ இடம்பெறக் கூடாது.

மாநிலங்களின் அனுபவம்

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பல ஆண்டுகளாக மழைக்காலந்தோறும் குழந்தைகளின் உயிரைப் பறித்துவந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி இயக்கம் 2006இல் தொடங்கியது. 2018 முதல் கதவைத் தட்டுதல் எனப் பொருள்படும் தஸ்தக் இயக்கம் பல துறைகளை ஒருங்கிணைத்து வீடு வீடாக விழிப்புணர்வை எடுத்துச் சென்றது. காய்ச்சல் கண்ட நாளே மருத்துவமனைக்குச் செல்லுதல், தூய குடிநீர், கை கழுவுதல் ஆகிய செய்திகளைப் பரப்பும் பணியில் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன.

தில்லியில் 2019இல் பத்து வாரம், பத்து மணி, பத்து நிமிடம் என்ற டெங்கு தடுப்பு இயக்கம் நடைபெற்றது. ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு வீட்டில் தேங்கிய நீரைத் தேடி அகற்றுவதே அதன் எளிய செயல்முறை. இத்தகைய இயக்கங்களில் மாணவர்கள் பாடத்தை வீட்டுக்குக் கொண்டு செல்லும் இணைப்பாக அமைகின்றனர்.

கேரளத்தின் கோழிக்கோட்டில் 2023 செப்டம்பரில் நிபா பரவியபோது பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டு வகுப்புகள் இணையவழியில் நடைபெற்றன. இத்தகைய சூழலில் எதைச் செய்வது என்பதை முன்னரே எழுதி வைத்திருக்கும் பள்ளி பதற்றமின்றிச் செயல்படும்.

ஆசிரியர் அல்லாத பணியாளர்கள்

பள்ளியில் சமையலர், உதவியாளர், துப்புரவுப் பணியாளர், வாகன ஓட்டுநர், விடுதிக் காப்பாளர், அலுவலகப் பணியாளர் எனப் பலர் உள்ளனர். பயிற்சிகள் பெரும்பாலும் ஆசிரியர்களுடன் முடிந்துவிடுகின்றன. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் உணவைத் தொடுபவர் சமையலர். வாந்தியையும் கழிவறையையும் தூய்மை செய்பவர் துப்புரவுப் பணியாளர். காலையில் குழந்தையை முதலில் காண்பவர் வாகன ஓட்டுநர். இவர்களுக்கு அவரவர் மொழியில் அரை மணி நேரச் செயல்விளக்கம் போதும்.

மதிய உணவை மாணவர்களுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்ற விதி உள்ளது. வயிற்றுப்போக்கு உள்ள நாளில் சமையலர் விடுப்பு எடுக்க வேண்டும். அதற்காக அன்றைய ஊதியத்தை அவர் இழக்கும் நிலை இருந்தால் அவர் நோயை மறைப்பார். கையுறை, சோப்பு, பிளீச்சிங் பொடி ஆகியவற்றை நிர்வாகமே வழங்க வேண்டும்.

கருவுற்ற ஆசிரியைகளும் பணியாளர்களும் சின்னம்மை, ரூபெல்லா ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். இவை சிசுவைப் பாதிக்கக்கூடியவை. பள்ளியில் இந்நோய் காணப்பட்டால் அவர்களுக்கு உடனே தெரிவித்து மருத்துவ ஆலோசனை பெறச் செய்வது தலைமையாசிரியரின் கடமை.

எஞ்சியுள்ள இடைவெளிகள்

பள்ளிக்கு இரண்டு தூதர்கள் என்பது விதி. ஆனால் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரேயோர் ஆசிரியருடன் இயங்குகின்றன. எல்லா வகுப்புகளையும் தனியே நடத்துபவரிடம் வாரந்தோறும் கூடுதலாக ஒரு மணி நேரம் எதிர்பார்ப்பது கடினம். அத்தகைய ஊர்களில் அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா பணியாளர், கிராமச் செவிலியர் ஆகியோரைப் பள்ளியுடன் இணைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

சில தலைப்புகளைப் பேசுவதில் சமூகத் தயக்கமும் உள்ளது. எச்.ஐ.வி. தடுப்பை உள்ளடக்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. பாடநூலில் இருந்தும் ஆசிரியர் கடந்து செல்லும் பக்கங்கள் இன்றும் உண்டு. பயிற்சியின்போது கேள்வி கேட்கவும் பேசிப் பழகவும் ஆசிரியருக்கு வாய்ப்பளித்தால்தான் அவர் வகுப்பில் பேச முன்வருவார்.

கல்வியாண்டின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பள்ளியும் செய்யக்கூடியவை சில: ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணை அலுவலகச் சுவரில் எழுதுதல், தடுப்பூசி அட்டைகளைச் சரிபார்த்தல், முதலுதவிப் பெட்டியில் கையுறை, சோப்பு, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை உள்ளனவா எனப் பார்த்தல், நீர் தேங்கும் இடங்களைக் குறித்தல், நோய்க்கால விடுப்பு குறித்துப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்புதல், ஆசிரியர் முதல் ஓட்டுநர் வரை அனைவரையும் ஒரு மணி நேரம் ஒன்றாக அமர்த்திப் பேசுதல். பெருஞ்செலவு இன்றி, இருக்கும் ஆட்களைக் கொண்டே இவற்றைச் செய்து முடிக்க இயலும்.